தோப்புப் புல்லுக்கு எந்த மிஷின் வாங்கலாம்?

தென்மேற்கு மழை ஓய்கிற சமயத்தில் எனக்கு வருகிற போன்களில் பாதி இந்த ஒரே கேள்விதான்: "புல்லு வெட்டற மிஷின் ஒண்ணு வாங்கணுங்க, எத்தனை சிசி வாங்கலாம்?" பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருப்பவர்களுக்கு இது ஏன் அந்தச் சமயத்தில் வருகிறது என்று விளக்க வேண்டியதில்லை. ஜூன், ஜூலை சாரலில் கினியா புல் நெஞ்சு உயரத்துக்கு ஏறிவிடும், விழுந்த தேங்காய் எங்கே கிடக்கிறது என்றே தெரியாது, மட்டை பொறுக்க வருகிறவர்கள் பாம்புக்குப் பயந்து உள்ளே கால் வைக்கமாட்டார்கள். ரொட்டவேட்டர் விடலாம் என்றால் அது மேல் வேரையெல்லாம் அறுத்துப் போடுகிறது, ஈரத்தில் டிராக்டர் இறங்கினால் மண்ணும் இறுகிப்போகும். களைக்கொல்லி பேச்சே வேண்டாம், மாடு மேய்கிற தோப்பு எங்களுடையது. மிச்சம் இருப்பது பிரஷ் கட்டர், அதாவது நீளத் தண்டின் நுனியில் பிளேடோ நைலான் கயிறோ சுற்றிப் புல்லை வெட்டுகிற, ஆள் சுமந்து ஓட்டும் மிஷின்.

என்னைக் கேட்டால் சிசியைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். முதலில் உங்கள் தோட்டத்தில் நிற்பது என்ன புல், அதை வெட்ட என்ன பிளேடு வேண்டும், அந்தப் பிளேடைத் திணறாமல் சுற்றுகிற மிஷின் எது, அது மக்கர் பண்ணினால் பக்கத்து டவுனில் பிரித்துப் பார்க்க ஆள் இருக்கிறாரா, இந்த வரிசையில் யோசித்தால் கடைக்காரர் என்ன சொன்னாலும் குழப்பம் வராது. கடைக்காரர் சிசியைத்தான் சொல்வார், ஏனென்றால் அதுதான் பெட்டியின் மேல் பெரிதாக அச்சடித்திருக்கிறது.

பிளேடிலிருந்து வருவோம். மிஷினோடு பெரும்பாலும் இரண்டு சாமான் கொடுப்பார்கள், ஒரு நைலான் ஹெட், ஒரு மூணு பல் பிளேடு. நைலான் என்பது உள்ளே கயிறு சுற்றியிருக்கும் உருளை, தரையில் ஒரு தட்டு தட்டினால் கயிறு கொஞ்சம் வெளியே வரும். அருகு, கோரை, முழங்காலுக்குக் கீழே நிற்கிற இளம்புல், வரப்போரம், வேலிக் கல்லோரம், இதற்கெல்லாம் நைலான்தான் சுகம், கல்லில் பட்டாலும் கயிறுதான் தேயும். அதையே முற்றிப்போன கினியா புல் தூருக்குள் விட்டுப் பாருங்கள், தண்டு அறுபடுவதற்குப் பதில் கிழிந்து நாராகும், நார் ஹெட்டைச் சுற்றிக்கொள்ளும், நிமிஷத்துக்கு ஒருமுறை ஆஃப் பண்ணிப் பிடுங்கிப் போட வேண்டும். கயிறு 2.4 மில்லிமீட்டருக்குப் பதில் 3 மில்லிமீட்டர் போட்டால் கொஞ்சம் தாங்கும், ஆனால் அந்தத் தடிக் கயிற்றைச் சுற்ற எஞ்சினுக்கும் தெம்பு வேண்டும், சின்ன மிஷினில் போட்டால் திணறும்.

உயரமான, அடர்ந்த, தண்டு முற்றிய புல்லுக்கு மூணு பல் பிளேடுதான். 255 மில்லிமீட்டர் விட்டம், நடுத் துளை 25.4 மில்லிமீட்டர், இந்த அளவு பரவலாக எல்லாக் கடையிலும் கிடைக்கும், ஒரு அரத்தை வைத்து நீங்களே தீட்டிக்கொள்ளலாம். தீட்டும்போது மூன்று பல்லையும் ஒரே அளவுக்குத் தீட்ட வேண்டும், ஒரு பல் மட்டும் அதிகம் தேய்ந்தால் பேலன்ஸ் போய் கைப்பிடி உதற ஆரம்பிக்கும், அன்று ராத்திரி சோற்றைப் பிசையும்போது விரல் மரத்திருப்பது தெரியும். தொடர்ந்து அந்த உதறலிலேயே வேலை செய்கிறவர்களுக்கு விரலில் ரத்த ஓட்டமே கெட்டுப்போகும், வெள்ளைவிரல் நோய் என்றே அதற்குப் பெயர்.

உண்ணிச்செடி, கட்டைவிரல் தடிமனுக்கு எழும்பிய சீமைக்கருவேலங்கன்று, இப்படி மரத்தண்டு கலந்து நிற்கிற இடமானால் 40 பல் கார்பைடு பிளேடு. வட்ட ரம்பம் மாதிரி இருக்கும், பல் நுனியில் கார்பைடுத் துண்டு ஒட்டியிருப்பார்கள். கல் இருக்கிற நிலத்தில் மட்டும் இதைப் போடவே போடாதீர்கள், அந்தத் துண்டு தெறித்தால் எங்கே போய்க் குத்தும் என்று சொல்ல முடியாது. மாட்டுக்கு கோ-4, கோ-5 தீவனப்புல் வைத்திருப்பவர்கள் 80 பல் பிளேடு போட்டால் தூர் கிழியாமல் சுத்தமாக அறுபடும், மறுதாம்பும் நன்றாக வரும்.

ஆக மூணு பல் பிளேடு போடுகிற மிஷின்தான் நம் தோப்புக்கு வேண்டியது என்று வைத்துக்கொண்டால், வளைந்த தண்டு உள்ள சின்ன மிஷின்கள் எல்லாம் அந்த இடத்திலேயே கழிந்துவிடும். அவை வீட்டுப் புல்தரைக்கு நைலான் சுற்றுவதற்கு. நேர்த் தண்டு, அடியில் கியர் பெட்டி, சைக்கிள் ஹேண்டில் மாதிரி இரண்டு கைக்கும் பிடி, இவ்வளவு இருக்க வேண்டும். அந்த ஹேண்டில் வெறும் வசதிக்கு என்று நினைக்காதீர்கள், பிளேடு எதிலாவது இடித்துத் திரும்பினாலும் ஹேண்டில் இடுப்பில் தட்டி நிற்கும், கால் வரைக்கும் பிளேடு வராது. பேட்டரி மிஷின்கள் இப்போது நிறைய வருகின்றன, வீட்டுத் தோட்டத்துக்குச் சரி, நெஞ்சு உயரப் புல்லில் அரை ஏக்கர் போவதற்குள் பேட்டரி கையை விரித்துவிடும்.

இப்போது சிசி. மூணு பல் பிளேடை அடர்ந்த புல்லில் சுற்ற 35 சிசிக்குக் குறையாமல் இருந்தால் போதும். அதற்கு மேல் எல்லாம் எஞ்சின் யாருடையது என்பதைப் பொறுத்தது. பெயர் தெரியாத சைனா மிஷின்களில் 43, 52, இன்னும் மேலே 60-க்கு மேல் எல்லாம் ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். ஸ்டிக்கரை விட்டுவிட்டு எஞ்சினில் பொறித்திருக்கிற எண்ணைப் பாருங்கள். 1இ40எஃப் என்று இருந்தால் ஒற்றை சிலிண்டர், டூ ஸ்ட்ரோக், பிஸ்டன் குறுக்களவு 40 மில்லிமீட்டர், காற்றில் குளிர்கிற எஞ்சின் என்று அர்த்தம், அது 43 சிசி. 1இ44எஃப் என்றால் குறுக்களவு 44, அது 52 சிசி. இரண்டிலும் பிஸ்டன் ஏறி இறங்குகிற தூரம் அதே 34 மில்லிமீட்டர்தான், வேண்டுமானால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஸ்டிக்கரில் 63 என்று போட்டு எஞ்சினில் 44 என்று பொறித்திருந்தால் அந்தக் கடையில் வேறு எதையும் விசாரிக்காமல் வந்துவிடலாம்.

பெரிய கம்பெனி எஞ்சின்களில் சிசி குறைவாகத் தெரியும். ஹோண்டாவின் ஜிஎக்ஸ்35 வெறும் 35.8 சிசி, 1 கிலோவாட் சுமாருக்குத் தரும். ஸ்டில்லின் எஃப்எஸ் 250 மாடல் 40.2 சிசி, 1.6 கிலோவாட். 52 என்று போட்ட சைனா மிஷினோடு இதை ஒப்பிட்டு "சின்னதா இருக்கே" என்று சிலர் விட்டுவிடுகிறார்கள். நாள் முழுக்க ஓடும்போதுதான் வித்தியாசம் தெரியும், எண்ணில் தெரியாது.

டூ ஸ்ட்ரோக்கா, ஃபோர் ஸ்ட்ரோக்கா என்பதில்தான் ஊருக்கு ஊர் சண்டை நடக்கும், இதில் என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோலோடு 2டி ஆயில் கலக்க வேண்டும். சைனா மிஷின்களுக்குப் பெரும்பாலும் 25-க்கு 1, அதாவது ஒரு லிட்டருக்கு 40 மில்லி. நல்ல கம்பெனி மிஷினில் அவர்கள் சொல்கிற ஆயிலை ஊற்றினால் 50-க்கு 1, லிட்டருக்கு 20 மில்லி. இதில் பிரச்சினை எங்கே வருகிறது? கலப்பது யார் என்பதில். நீங்களே அளவு மூடியில் ஊற்றிக் கலந்தால் ஒன்றும் ஆகாது. வேலைக்கு வருகிறவர் மாறிக்கொண்டே இருந்தால் ஒருவர் கண் அளவில் ஊற்றுவார், ஒருவர் "போன வாரமே கலந்து வெச்சிருக்குங்கண்ணா" என்று வெறும் பெட்ரோல் கேனைத் தூக்கி ஊற்றுவார். ஆயில் இல்லாமல் டூ ஸ்ட்ரோக் எஞ்சின் ஓடினால் கொஞ்ச நேரத்தில் பிஸ்டன் உரசி, சிலிண்டரில் கோடு விழுந்து பிடித்துவிடும், பிறகு அந்தச் செட்டையே மாற்ற வேண்டும். ஆயில் அதிகமானால் புகையும், பிளக்கில் கரி பிடிக்கும், ஆனால் எஞ்சின் பிழைத்துக்கொள்ளும்.

ஃபோர் ஸ்ட்ரோக்கில் கலக்கிற வேலை இல்லை, பெட்ரோல் குறைவாகக் குடிக்கும், சத்தமும் கொஞ்சம் அடங்கியிருக்கும். ஜிஎக்ஸ்35 எந்தப் பக்கம் சாய்த்துப் பிடித்தாலும் ஓடும் என்பதால் வாய்க்கால் கரையிலும் தொல்லை இல்லை. ஆனால் அதன் அடியில் இருக்கிற ஆயில் எவ்வளவு தெரியுமா, 100 மில்லி. ஒரு டீ கிளாஸ் அளவு. அது கறுத்துப்போவதையும் குறைவதையும் யாரும் பார்ப்பதில்லை. முதல் 10 மணி நேரம் ஓடியதும் ஒருமுறை, அப்புறம் 50 மணி நேரத்துக்கு ஒருமுறை 10டபிள்யூ-30 ஆயில் மாற்றிக்கொண்டு வந்தால் அந்த எஞ்சின் பல வருஷம் உழைக்கும். ஆகவே மிஷினைப் பலர் கையில் கொடுக்கிறவர்கள் ஃபோர் ஸ்ட்ரோக் வாங்கிக்கொண்டு ஆயில் மாற்றுகிற வேலையை மட்டும் தன் கையில் வைத்துக்கொள்ளுங்கள். தானே ஓட்டுகிறவர்கள், அதுவும் முற்றின புல்லும் உண்ணிச்செடியும் கலந்த நிலத்தில் ஓட்டுகிறவர்கள், நல்ல கம்பெனி டூ ஸ்ட்ரோக் வாங்கலாம், அந்த எடைக்கு அது கொடுக்கிற வேகம் ஃபோர் ஸ்ட்ரோக்கில் வராது.

எதை வாங்கினாலும் பெட்ரோலை உள்ளே வைத்துவிட்டு மூலையில் சாய்த்து வைக்காதீர்கள். இப்போது பங்கில் வருகிற பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது, 20 சதவீதம் வரைக்கும். எத்தனால் காற்றிலிருக்கிற ஈரத்தை இழுத்துக்கொள்ளும், டேங்கிலேயே கிடந்தால் அடியில் தண்ணீராகப் பிரியும், கார்புரேட்டருக்குள் இருக்கிற ரப்பர் டயாஃப்ரம் விறைத்துப்போகும். அடுத்த மழைக்கு எடுத்துக் கயிறு இழுத்தால் தோள்பட்டைதான் வலிக்கும். வேலை முடிந்ததும் டேங்கைக் கவிழ்த்துவிட்டு, மிச்சம் இருப்பது தீர்ந்து தானாக நிற்கும் வரை ஓடவிட்டு வையுங்கள். கலந்த பெட்ரோலையும் ஒரு மாசத்துக்கு மேல் வைத்திருக்க வேண்டாம்.

தோளில் தொங்குவதா, முதுகில் சுமப்பதா? சமதரைத் தோப்புக்குத் தோளில் தொங்குவதுதான், அதிலும் ஒற்றை வார் வேண்டாம், இரண்டு தோளுக்கும் இடுப்புக்கும் பட்டை வருகிற மாதிரி கேட்டு வாங்குங்கள், அதற்கு நூறு இருநூறு கூடக் கேட்டாலும் கொடுக்கலாம். மாட்டிக்கொண்டு கையை எடுத்தால் பிளேடு தரைக்குச் சற்று மேலே மிதந்து நிற்க வேண்டும். முன்பக்கம் சாய்ந்தாலும் பின்பக்கம் சாய்ந்தாலும் கொக்கி மாட்டுகிற இடத்தை நகர்த்திச் சரி பண்ணுங்கள். முதுகில் மாட்டுகிற மிஷின் மேடு பள்ளத்துக்கும் ஏரிக்கரை மாதிரி சரிவுகளுக்கும் நல்லது, ஆனால் எஞ்சினிலிருந்து தண்டுக்கு வருகிற அந்த வளைகிற குழாய்க்குள் ஓடுகிற ஒயரை மடித்து மடித்து ஓட்டினால் அறுந்துபோகும். வாங்கும்போதே அந்த ஒயர் தனியாகக் கிடைக்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஸ்பேர் பற்றி இன்னும் கொஞ்சம், ஏனென்றால் முதலில் போவது எஞ்சின் இல்லை. கயிறு இழுக்கிற ஸ்டார்ட்டர், கிளட்ச், கியர் பெட்டி, பெட்ரோல் டியூப், இவைதான். சைனா மிஷின்களுக்கு இதெல்லாம் எல்லா ஊரிலும் மலிவாகக் கிடைக்கிறது என்பது உண்மை, அதை நான் மறுக்கமாட்டேன். ஆனால் தண்டுக் குழாய் 26 மில்லிமீட்டரிலும் வரும் 28-லும் வரும், உள்ளே ஓடுகிற ராடின் முனையில் 7 பல்லும் இருக்கும் 9 பல்லும் இருக்கும். கியர் பெட்டி மாற்றப் போகும்போது இந்த இரண்டு எண்ணும் தெரியாமல் போனால் பஸ் காசு தண்டம். வாங்கிய அன்றே பில்லின் பின்பக்கம் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கம்பெனி மிஷின் என்றால் டீலர் பக்கத்தில் இருக்கிறாரா, அவரிடம் மெக்கானிக் இருக்கிறாரா, விற்பதோடு சரியா என்று அங்கே ஏற்கனவே வாங்கியவரிடம் விசாரியுங்கள்.

மானியம் கேட்பவர்களுக்கு: வேளாண்மைப் பொறியியல் துறையில் கேளுங்கள், வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தில் கொடுக்கிறார்கள், சிறு குறு விவசாயிகளுக்கும் பெண்களுக்கும் ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கும் சதவீதம் கூடுதல். உழவன் செயலியிலும் பதியலாம். ஒன்றை மட்டும் கவனியுங்கள், மானியப் பட்டியலில் இருக்கிறது என்பதற்காகவே உங்கள் ஊரில் ரிப்பேர் பார்க்க ஆளில்லாத மாடலை எடுக்காதீர்கள்.

ஒரு ஏக்கர், ஒன்றரை ஏக்கர் வைத்திருப்பவர்கள் வாங்கவே வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். மிஷினோடு வந்து மணிக்கணக்கில் வெட்டிக் கொடுக்கிற பையன்கள் இப்போது எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். வருஷத்தில் சில நாள் ஓட்டுவதற்காக மிஷினை வாங்கி, மிச்ச நாளெல்லாம் கார்புரேட்டர் அடைத்துக்கொள்வதைப் பார்த்துக்கொண்டு இருப்பதில் என்ன இருக்கிறது? அப்புறம் அந்தக் களையெடுக்கிற அட்டாச்மென்ட், முன்னால் மாட்டினால் மண்ணைக் கொத்தும் என்று வீடியோவில் காட்டுகிறார்களே, அதற்குக் காசு போடாதீர்கள். புல் வெட்டுகிற கியர் பெட்டியையும் கிளட்ச்சையும் மண்ணில் விட்டு ஓட்டினால் இரண்டும் சீக்கிரமே போகும்.

ஓட்டுகிற விதத்தில் இரண்டு மூன்று விஷயம். பிளேடு மேலிருந்து பார்த்தால் இடப்பக்கமாகச் சுற்றும், ஆகவே வலமிருந்து இடமாக வீசி வெட்டினால் வெட்டின புல் இடப்பக்கம், ஏற்கனவே வெட்டிய இடத்தில் விழும். நெஞ்சு உயரப் புல்லை ஒரே வெட்டில் அடியில் அறுக்கப் போனால் நீளமான தண்டு அப்படியே சாய்ந்து பிளேடுக்கும் கியர் பெட்டிக்கும் நடுவில் சுற்றும். முதலில் மேல் பாதி, அப்புறம் அடி. புல்லுக்குள் விடுவதற்கு முன்பே ஆக்சிலேட்டரை முழுக்கக் கொடுத்துவிட வேண்டும், பாதியில் வைத்து ஓட்டினால் கிளட்ச் வழுக்கித் தேயும், தேய்கிற வாசனை மூக்குக்கே தெரியும். தடித்த தண்டைப் பிளேடின் முன்பக்க வலது கால்பகுதியில், கடிகாரத்தில் 12-க்கும் 3-க்கும் நடுவில் வருகிற இடத்தில், தொடவே கூடாது, மிஷின் வெடுக்கென்று எகிறும். இடது பக்கமாகத் தொட்டால் அமைதியாக அறுக்கும்.

சொட்டுநீர் போட்ட தோப்பில் முதல் வேலை 16 மில்லிமீட்டர் லேட்டரலைத் தேடி மரத்தடிக்கு இழுத்து வைப்பது. புல்லுக்குள் கறுப்பு டியூப் கண்ணுக்குத் தெரியாது, நைலான் என்றால் அது டியூபை அறுப்பதோடு நிற்காமல் சுருட்டி இழுக்கும். ஊடுபயிராக ஜாதிக்காய் வைத்திருப்பவர்கள் கன்றைச் சுற்றி அரிவாளாலேயே வெட்டிவிடுங்கள், நைலான் கயிறு பட்டையைச் சுற்றிலும் உரித்துவிட்டால் அந்தக் கன்று தேறாது. கல் தெறிப்பதால் 15 மீட்டருக்குள் ஆள் வரக்கூடாது, மாடும்தான். கண்ணாடி, பூட்ஸ், முழங்கால் வரை காப்பு. லுங்கியோடு ஓட்டுகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

பிளேடு நட்டு இடது மறை. கழற்ற வலப்பக்கமாகத் திருகணும், இறுக்க இடப்பக்கம். கியர் பெட்டியில் இருக்கிற துளையில் பின்னைச் சொருகிக்கொண்டு திருகினால் தண்டு சுற்றாது. இது தெரியாமல் ஸ்பேனருக்குப் பைப் மாட்டி மிதித்து மறையையே அழித்துக்கொண்டு வருகிறவர்கள் அதிகம் என்று எங்கள் மெக்கானிக் அண்ணன் சிரிப்பார், அவருக்கு அதில் வருமானம். மிஷின் வாங்கும்போதே அந்த நட்டில் ஒன்றிரண்டு கூடுதலாகக் கேட்டு வாங்குங்கள், தேய்ந்த நட்டை மாட்டி ஓட்டுவது ஆபத்து.

கடையில் பணம் கொடுப்பதற்கு முன்னால் பெட்ரோல் ஊற்றி ஸ்டார்ட் பண்ணிக் காட்டச் சொல்லுங்கள், பெட்டியைப் பிரிக்காமல் கொடுத்தால்தான் புதுசு என்று நினைக்க வேண்டாம். பிளேடு தரையில் படாமல் தூக்கி வைத்து, ஆக்சிலேட்டரை விட்டுவிட்டுப் பாருங்கள், எஞ்சின் ஓட வேண்டும், பிளேடு நிற்க வேண்டும். நிற்காமல் சுற்றினால் ஐடில் ஸ்குரூவைக் குறைத்துத் தரச் சொல்லுங்கள். அதற்குப் பிறகும் சுற்றினால் கிளட்ச்சில்தான் ஏதோ இருக்கிறது, வேறு பெட்டியைப் பிரிக்கச் சொல்லுங்கள்.